அங்கே காலை ஒன்பது, இங்கே பிற்பகல் இரண்டரை: டெல்லிப் பள்ளிகளின் வெளிநாட்டுக் கூட்டுறவும் ஆசிரியர் பயிற்சியும்

டெல்லியில் நர்சரி சேர்க்கை தொடங்கும் குளிர்காலத்தில் தனியார் பள்ளிகளின் மதில்களில் தொங்கும் பதாகைகளைப் பார்த்தால், தேர்ச்சி விழுக்காட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் பக்கத்தில் இன்னொரு தகுதியும் இடம்பிடித்திருப்பது தெரியும். இத்தனை நாட்டுப் பள்ளிகளோடு கூட்டுறவு, சர்வதேசப் பள்ளி விருது, உலகக் குடிமக்களை உருவாக்கும் கல்வி என்று அது பலவாறாக எழுதப்பட்டிருக்கும். கரோல் பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும் தமிழ்ப் பெற்றோரும் இந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். அந்தக் கூட்டுறவில் என்ன நடக்கிறது, அதை நடத்தும் ஆசிரியருக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதைப் பதாகை சொல்வதில்லை. கூட்டுறவின் தரம் முழுவதும் அந்த ஆசிரியரின் நேரத்தையும், கேள்வி கேட்கும் திறனையும், எதிர்ப்பக்கத்துப் பள்ளியோடு அவர் சமமாக உட்கார முடிகிறதா என்பதையும் பொறுத்தே அமைகிறது என்பது என் கணிப்பு. விருதுகளும் வெளிநாட்டுப் பயணங்களும் இவற்றை அளப்பதில்லை.

எண்ணம் ஒன்றும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின் காயம் ஆறாத 1953இல் யுனெஸ்கோ, 15 நாடுகளிலிருந்து 33 பள்ளிகளைச் சேர்த்துக் கூட்டுப்பள்ளி வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியது. இன்று அதில் 12,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. பனிப்போர் முடியும் தறுவாயில், 1988இல், மாஸ்கோவில் 12 பள்ளிகளும் நியூயார்க் மாநிலத்தில் 12 பள்ளிகளும் கணினி வழியாக இணைக்கப்பட்டன. ஐயேர்ன் என்ற உலகளாவிய அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. ஐரோப்பாவில் 2005இல் பள்ளிகளை இணையவழி இணைக்கும் இட்வின்னிங் திட்டம் வந்தது. கொள்கை வட்டாரத்தில் ‘உலகக் குடிமை’ என்ற சொல், அதாவது தன் நாட்டைத் தாண்டி உலகத்துக்கும் பொறுப்புள்ளவராக இருப்பது என்ற கருத்து, பரவியது அதன் பிறகுதான். 2012இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் தொடங்கிய கல்வி முன்முயற்சியின் மூன்று முன்னுரிமைகளில் ஒன்றாக அது இடம்பெற்றது. 2015இல் நிலைபேறான வளர்ச்சி இலக்குகளின் 4.7ஆம் பிரிவு, 2030க்குள் எல்லா மாணவரும் இதற்கான அறிவையும் திறனையும் பெற வேண்டும் என்றது. அந்தப் பிரிவைக் கண்காணிக்கும் அளவுகோலில் நாட்டின் கொள்கை, பாடத்திட்டம், ஆசிரியர் கல்வி, மாணவர் மதிப்பீடு என நான்கு இடங்கள் சோதிக்கப்படுகின்றன. ஆசிரியர் கல்வி அங்கே தனி இடம் பெற்றிருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நடைமுறையில் பின்தங்கிக் கிடப்பது அதுதான். பன்னாட்டுப் புரிதலுக்கான கல்வி பற்றி யுனெஸ்கோ 1974இல் வெளியிட்ட பரிந்துரையும் 2023 நவம்பரில் திருத்தப்பட்டு, உலகக் குடிமையையும் நிலைபேறான வளர்ச்சியையும் தன் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டது.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. அமைதிக்கும் நிலைபேறான வளர்ச்சிக்குமான யுனெஸ்கோவின் மகாத்மா காந்தி கல்வி நிறுவனம் 2012இல் டெல்லியிலேயே அமைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் உலகக் குடிமைக் கல்வியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தக் குறிப்பு வருவது உயர்கல்வி பற்றிய அத்தியாயத்தில். பள்ளிக்கல்வியைப் பற்றிய பகுதி, உள்ளூரும் நாடும் உலகமும் எதிர்கொள்ளும் முக்கியச் சிக்கல்களை மாணவர் அறிய வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலின் கடைசியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆக, எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியருக்கு இது விருப்பப்பட்டால் செய்யும் கூடுதல் வேலையாகவே வந்து சேர்கிறது.

டெல்லிப் பள்ளிகளில் அந்தக் கூடுதல் வேலைக்கு நன்கு தெரிந்த வடிவம் பிரிட்டிஷ் கவுன்சிலின் சர்வதேசப் பள்ளி விருது, அதாவது ஐ.எஸ்.ஏ. ஆண்டுத் தொடக்கத்தில் செயல்திட்டம் கொடுக்க வேண்டும். பல பாடங்களையும் வகுப்புகளையும் தொடும் செயல்பாடுகளை ஆண்டு முழுவதும் நடத்த வேண்டும். அவற்றில் சிலவற்றையேனும் வெளிநாட்டு இணைப்பள்ளியோடு சேர்ந்து செய்ய வேண்டும். முடிவில் சான்றுகளைத் தொகுத்து அனுப்ப வேண்டும். அந்தத் தொகுப்பை ஆசிரியர்கள் ‘டோஸியர்’ என்பார்கள். திட்டத்தின் வடிவமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. ஒரே பாட ஆசிரியரிடம் ஒதுங்கிவிடாமல் பள்ளி முழுவதையும் ஈடுபடுத்த வைப்பது அதன் பலம். சிக்கல் டோஸியரில் தொடங்குகிறது. சான்று என்றால் புகைப்படம் என்று ஆகிவிடும்போது, புகைப்படத்தில் நன்றாக வரும் செயல்பாடுகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன: தேசியக் கொடிகள், உடை, உணவு, நடனம். டெல்லிப் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிள்ளை இருந்தால் பட்டுப் பாவாடையும் இட்லியும் யார் பொறுப்பு என்பது கேட்காமலேயே முடிவாகிவிடும். இரு வகுப்புகள் ஒரு கணக்கில் கருத்து வேறுபட்டு, இரண்டு வாரம் கடிதம் எழுதிக்கொண்டு, கடைசியில் யார் சொன்னது சரி என்று கண்டுபிடித்தால், அதைப் படம் எடுக்க வழியில்லை.

இனி நேரம். காலண்டரையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ‘உயிர்ப்புள்ள கூட்டுறவு’ என்ற சொல் எவ்வளவு குறுகிய இடைவெளியில் நுழைய வேண்டியிருக்கிறது என்பது புரியும். இங்கிலாந்துப் பள்ளியில் காலை ஒன்பது மணி என்பது குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் இரண்டரை. கோடையில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுவதால் ஒன்றரை. டெல்லியில் காலைப் பள்ளிகள் அதற்குள் விட்டுவிடும் அல்லது விடும் தறுவாயில் இருக்கும், பேருந்து காத்திராது. மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை டெல்லியில் விடுமுறை. ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முழுவதும் அங்கே விடுமுறை. அக்டோபரில் நமக்குத் தசராவும் தீபாவளியும், அவர்களுக்கு அரைப்பருவ விடுமுறை. நவம்பரில் டெல்லிக் காற்று கெட்டுப் பள்ளிகள் திடீரென மூடப்படும். டிசம்பர் இறுதியில் கிறிஸ்துமஸ், ஜனவரி முதல் பாதியில் டெல்லியின் குளிர்கால விடுமுறை, பிப்ரவரி மார்ச்சில் நமது தேர்வுகள். ஏப்ரலில் நமக்குப் புதிய கல்வியாண்டு பிறக்கும்போது அவர்கள் பழைய ஆண்டின் கடைசிப் பருவத்தில் இருப்பார்கள். சென்ற மாதம்வரை கடிதம் எழுதிய மாணவன் இங்கே அடுத்த வகுப்புக்குப் போயிருப்பான்.

இதில் கவனிக்கத் தக்க ஒரு முரண் உண்டு. டெல்லி அரசுப் பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் காலையில் பெண்களுக்கும் பிற்பகலில் ஆண்களுக்கும் என இரண்டு முறையாக வகுப்புகள் நடக்கின்றன. பிற்பகல் முறைக்கு மதிப்புக் குறைவு. வாய்ப்பிருந்தால் பெற்றோர் தவிர்க்கவே பார்ப்பார்கள். ஆனால் பிரிட்டனில் காலை வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் வகுப்பறையில் இருக்கும் டெல்லி மாணவர்கள் அவர்கள்தான். நேரடிக் காணொளி வகுப்புக்கு இயல்பாகப் பொருந்தக்கூடிய பள்ளிகளின் பெயர் கூட்டுறவுப் பட்டியல்களில் அரிதாகவே தென்படுகிறது. இணையமும் ஆங்கிலமும் முன்பே கைவசமுள்ள பள்ளிகளே விண்ணப்பிக்கின்றன, அவற்றுக்கே கிடைக்கிறது.

சமநிலை பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது. இரு குழுவினர் நேரில் பழகினாலே முன்முடிவுகள் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான கூட்டுறவுகள் தொடங்குகின்றன. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதற்கு நிபந்தனைகள் வகுத்தார்: பழகும் சூழலில் இரு தரப்புக்கும் சம மதிப்பு, பொதுவான நோக்கம், போட்டியில்லாத ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. இந்த நான்கில் முதலாவது இல்லாமல் போனால் பழக்கமே முன்முடிவை உறுதிப்படுத்திவிடக்கூடும். பிரிட்டிஷ் பள்ளி நிதி திரட்டி இந்தியப் பள்ளிக்குப் பேனாவும் புத்தகமும் அனுப்புகிறது, இந்தியப் பள்ளி நன்றிக் கடிதமும் பரதநாட்டியக் காணொளியும் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் மகிழ்ச்சிதான். ஆனால் அங்குள்ள குழந்தை ‘இந்தியா என்றால் கொடுக்க வேண்டிய இடம்’ என்றும், இங்குள்ள குழந்தை ‘வெளிநாடு என்றால் வாங்க வேண்டிய இடம்’ என்றும் கற்றுக்கொண்டிருக்கும். பிரேசிலைச் சேர்ந்த கல்வியாளர் வனெசா ஆண்ட்ரியோட்டி 2006இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மென்மையான உலகக் குடிமைக் கல்வி, விமர்சனப் பார்வை கொண்ட உலகக் குடிமைக் கல்வி என இரண்டாகப் பிரித்தது இந்த இடத்தைத்தான். முதலாவது வறுமையை இரக்கத்தோடு பார்க்கச் சொல்கிறது. இரண்டாவது அந்த ஏற்றத்தாழ்வு எப்படி உண்டாயிற்று, அதில் நம் இருவரின் பங்கு என்ன என்று கேட்கச் சொல்கிறது.

இந்தியச் சட்டமும் எதிர்பாராத விதத்தில் இந்தத் திசையிலேயே தள்ளுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படிப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பள்ளி நடத்தும் அறக்கட்டளை வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெற முடியாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நாட்டின் எந்த மூலையில் இருக்கும் அமைப்பானாலும் அந்தப் பணம் முதலில் டெல்லி சன்சத் மார்கில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். சிறிய பள்ளிகளுக்கு இது பெரும் தலைவலி. ஆனாலும் காசில்லாத கூட்டுறவு, அதாவது இரு பக்கமும் உழைப்பையும் கேள்வியையும் மட்டும் போட்டு நடத்துவது, சட்டச் சிக்கலும் இல்லாதது, கல்வி நோக்கிலும் மேலானது.

அப்படிப்பட்ட கூட்டுறவை நடத்த ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கொள்கை ஆவணங்கள் பதில் சொல்லும்போது ‘பச்சாதாபம்’, ‘பன்முகத்தன்மை’ என்று உயரமான சொற்களில் நின்றுவிடுகின்றன. டெல்லிக்கு மிக நெருக்கமான பொருளாகிய காற்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். டெல்லியில் ஒரு வகுப்பும் லண்டனில் ஒரு வகுப்பும் தத்தம் பகுதியின் காற்றுத் தரத்தைத் தினமும் குறித்து ஒப்பிடுகின்றன என்று கொள்வோம். முதல் நாளே குழப்பம் வரும். இந்தியாவின் காற்றுத் தரக் குறியீடு 0இலிருந்து 500 வரை ஓடுகிறது. பிரிட்டனின் தினசரிக் குறியீடு 1இலிருந்து 10 வரை. 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 75 மைக்ரோகிராம் பி.எம். 2.5 நுண்துகள் இருந்தால், இந்திய அட்டவணையில் அது சுமார் 150, பெயர் ‘மிதமானது’. அதே காற்று பிரிட்டிஷ் அட்டவணையில் 10. பெயர் ‘மிக அதிகம்’. ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டு அளவு 5 மைக்ரோகிராம்; இந்தியத் தரம் 40.

இந்த இடத்தில்தான் ஆசிரியரின் பயிற்சி வெளிப்படும். பயிற்சியில்லாதவர், கணக்கு ஒத்துவரவில்லை என்று செயல்பாட்டை முடித்துவிட்டு மரம் நடும் படத்தை அனுப்பிவிடுவார். பயின்றவர் அங்கேயே நின்று கேட்பார்: ஒரே காற்றுக்கு ஏன் இரண்டு பெயர்? எல்லைக்கோட்டை யார், எதை மனதில் வைத்து வரைகிறார்கள்? 1952 டிசம்பரில் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை இழந்து 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்த லண்டன், தன் கரியை எரித்துத்தானே செல்வந்த நகரமாயிற்று? டெல்லியின் புகைக்குப் பஞ்சாப் உழவரின் வைக்கோலை மட்டும் காரணம் காட்டலாமா, நம் வீட்டு வாசலில் நிற்கும் கார்களை எங்கே வைப்பது? இந்தக் கேள்விகளில் லண்டன் மாணவருக்குத் தெரிந்தது டெல்லி மாணவருக்குத் தெரியாது, டெல்லி மாணவர் மூச்சில் உணர்ந்தது லண்டன் மாணவருக்குத் தெரியாது. இரு பக்கமும் சமமாக உட்காருவது இப்படித்தான் நடக்கும். இதற்கு ஆசிரியர் கற்க வேண்டியவை மிகவும் கைவேலை சார்ந்தவை: தரவைப் படிப்பது, ஒற்றை விடையில்லாத கேள்வியை வகுப்பில் நாற்பது நிமிடம் தாங்கிப் பிடிப்பது, மாணவரின் தவறான பொதுமைப்படுத்தலை அவமானப்படுத்தாமல் திருத்துவது, எதிர்ப்பக்கத்து ஆசிரியரோடு முன்கூட்டிப் பாடத்தைச் சேர்ந்து எழுதுவது.

இதையெல்லாம் கற்பிக்கும் நேரம் இருக்கிறதா என்றால், ஏட்டளவில் இருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொடர் பயிற்சியைக் கல்விக் கொள்கை வலியுறுத்துகிறது. அதில் 25 மணி நேரத்தை வாரியமோ அரசு நிறுவனங்களோ நடத்தும் பயிற்சியிலும், 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளேயே நடத்தும் பயிற்சியிலும் முடிக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. வகுத்திருக்கிறது. திக்‌ஷா என்ற அரசுத் தளத்தில் ஆசிரியர்களுக்கான இணையவழிப் பாடங்களும் ஏராளம். ஆனால் 50 மணி நேரத்தில் புதிய தேர்வு முறை, போக்ஸோ சட்டம், அடிப்படை எழுத்தறிவு, இப்போது செயற்கை நுண்ணறிவு என்று எல்லாமே வரிசையில் நிற்கின்றன. மேலும், நம் பயிற்சி முறை அடுக்கடுக்காகக் கீழிறங்குவது. டெல்லியில் ஐந்து நாள் பயின்ற ஒருவர் மாவட்டத்தில் இரண்டு நாள் நடத்துவார். அங்கே பயின்றவர் தம் பள்ளியில் ஒரு சனிக்கிழமை மதியம் பி.பி.டி. போட்டுக் காட்டுவார். தகவல் இப்படி இறங்கும். வகுப்பில் விவாதம் நடத்தும் பழக்கம் இப்படி இறங்காது. அதைச் செய்து பார்த்து, இன்னொருவர் பின்வரிசையில் அமர்ந்து கவனித்துச் சொல்லித்தான் கைவரும்.

டெல்லி அரசு கடந்த பத்தாண்டில் இன்னொரு வழியை முயன்றது. ஆசிரியர்களிலேயே சுமார் 200 பேரைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டி ஆசிரியராக்கியது. தலைமையாசிரியர்களைக் கேம்பிரிட்ஜுக்கும், ஆசிரியர்களைச் சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்துக்கும் அனுப்பியது. 2023 தொடக்கத்தில் ஃபின்லாந்துப் பயணக் கோப்பைச் சுற்றி டெல்லி அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே மூண்ட தகராறில், பயணம் வேண்டுமா வேண்டாமா என்பதே முழு விவாதமும் ஆகிவிட்டது. போய் வந்த ஆசிரியர் திரும்பிய பின் மற்றவர் வகுப்பைக் கவனிக்க எத்தனை மணி நேரம் விடுவிக்கப்படுகிறார் என்பதே பயனைத் தீர்மானிக்கும். அதை இரு தரப்பிலும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. வழிகாட்டி ஆசிரியர் ஏற்பாடு செலவும் குறைவு, செய்தியும் ஆகாது. இரண்டில் நான் அதையே தேர்வேன்.

டெல்லித் தமிழருக்கு இதில் தனியான ஒரு வாய்ப்பு இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. வெளிநாட்டுக் கூட்டுறவு என்றதும் பிரிட்டனையும் ஆங்கிலத்தையும் நோக்கியே கண் போகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கே தமிழ் கற்பித்தலுக்கென உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் இயங்குகிறது. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இரு நாடுகளும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், டெல்லியில் காலை எட்டு மணி அங்கே பத்தரை. இரு பக்கமும் வகுப்பறையில் இருக்கும் நேரம். மொழியில் ஒருவர் மற்றவருக்குத் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை. பெங்களூரிலும் மும்பை தாராவியிலும் தமிழ்க் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இதில் வேறொரு பள்ளம் உண்டு. தமிழரும் தமிழரும் சேர்ந்தால் பொங்கல் பானையும் திருக்குறள் ஒப்பித்தலுமாகப் பெருமிதத்திலேயே நிறைவடைந்துவிடும் ஆபத்து. உலகக் குடிமைக் கல்வி தொடங்குவது அதற்கடுத்த கேள்வியில்: மலேசியத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் ஏன் நகரத்துக்கு வந்தன, சிங்கப்பூரில் கட்டடம் கட்டும் தமிழ்நாட்டுத் தொழிலாளி எங்கே தங்குகிறார், டெல்லியில் என்ன நடக்கிறது? டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டிப் பல பத்தாண்டுகளாகத் தமிழர் வாழ்ந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டது நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டு வேலைக்கும் பள்ளிக்கும் தென்டெல்லியை நம்பியிருந்த குடும்பங்கள் அவை. வெள்ளத்தைத் தடுக்க வடிகாலைத் தூர்வார வேண்டும் என்பதும் உண்மை, அறுபதாண்டுக் குடியிருப்பு என்பதும் உண்மை. வகுப்பில் சிலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளாகவும், சிலர் அந்த வடிகால் நிரம்பினால் வீட்டுக்குள் நீர் புகும் பகுதிகளின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். இதை யாரையும் காட்சிப்பொருளாக்காமல் பாடமாக்கி, மலேசிய வகுப்பு தன் தோட்டக் குடியிருப்புகளின் கதையோடு வந்து சேரும்படி நடத்துவது, எந்தச் சான்றிதழ்ப் பயிற்சியிலும் இரண்டு மணி நேரத்தில் கற்றுத்தரக் கூடியதல்ல.

நடைமுறைக் குறிப்புகள் இரண்டைச் சேர்க்க வேண்டும். மாணவரின் முகமும் பெயரும் எல்லை தாண்டுவதற்கு முன் பெற்றோரின் அனுமதி தேவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தையாகவே கொண்டு, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ஒட்டுமொத்தமாக வாங்கும் ஒரு கையெழுத்தை நம்பியிருப்பது நல்லதல்ல.

மற்றது, கூட்டுறவு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பது. பெரும்பாலான பள்ளிகளில் பொறுப்பாசிரியர் ஒருவர்தான் எதிர்ப்பக்கத்தோடு தொடர்பில் இருப்பார். அவர் மாற்றலாகிப் போனாலோ தேர்தல் பணிக்கு அழைக்கப்பட்டாலோ இழை அறுந்துவிடும். அடுத்து வருபவர் புதிய பள்ளியைத் தேடி முதல் அறிமுகக் கடிதத்திலிருந்து மறுபடி தொடங்குவார். இழை அறாமலிருக்க வேண்டியவை இவை: ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள், பள்ளியின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல், பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாத ஆறிலிருந்து எட்டு வரையான வகுப்புகள், கால அட்டவணையில் வாரம் ஒரு நிலையான பாடவேளை. அந்தப் பாடவேளையை ‘அரேஞ்ச்மென்ட்’ என்று வேறு வகுப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிடாமல் காப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு.